கூரையில் தொடங்கிய கோயில்கள்



வீடு கட்டுவோர் முதலில் நிலத்தைத் தோண்டிக் கடைக்கால் இடுவர். பின்னர்ச் சுவர் எழுப்புவர். இறுதியில்தான் கூரை வேய்வர். இது நாம் அனைவரும் அறிந்த முறை. ஆனால், முதலில் கூரையைச் செய்து, அடுத்துச் சுவர்களைச் செய்து, எல்லாவற்றிற்கும் கடைசியாகத் தரையைச் செய்த கட்டடங்களும் இவ்வுலகில் உண்டு என்றால் நம்புவீர்களா? அவற்றிற்காக எவரும் செங்கல் அறுக்கவில்லை, சுண்ணாம்பு குழைக்கவில்லை, உத்தரம் தூக்கி வைக்கவில்லை. இருந்த மலையிலிருந்து வேண்டாத கல்லை வெட்டி எடுத்தார்கள். எஞ்சி நின்றது கோயில்!

அத்தகைய பதினொரு தேவாலயங்கள் ஆப்பிரிக்கக் கண்டத்தில், எத்தியோப்பிய நாட்டில், லாலிபெலா என்னும் மலையூரில் உள்ளன. இன்று நாம் இவ்வேட்டின் வழியே அங்குச் சென்று, காலை முதல் மாலை வரை கால்நடையாகவே அவற்றைச் சுற்றிப் பார்த்து வருவோம். வாருங்கள்!

ஊரும் அரசனும்

லாலிபெலா எத்தியோப்பியாவின் வட பகுதியில் உள்ளது. தலைநகராகிய அடிஸ் அபாபாவிலிருந்து ஏறத்தாழ 645 கிலோமீட்டர் தொலைவு. கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 2,500 மீட்டர் உயரம். தீபகற்ப மலேசியாவின் மிக உயர்ந்த சிகரமாகிய குனோங் தஹானின் உயரம் 2,187 மீட்டர்தான். அதன் உச்சியைக் காட்டிலும் உயரமான இடத்தில் ஓர் ஊரே அமைந்திருக்கிறது என்றால், அங்குள்ள காற்றின் குளிர்ச்சியை நாம் எண்ணிப் பார்க்கலாம். அவ்வுயரத்தில் காற்று மெலிந்திருப்பதால், மேட்டில் நான்கு அடி ஏறினாலும் நமக்கு மூச்சு வாங்கும். ஆகவே மெதுவாகவே நடப்போம்.

இவ்வூரின் பழைய பெயர் ரோகா. 12ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் இப்பகுதியை ஆண்ட சாக்வே மரபின் மன்னன் லாலிபெலாவின் பெயரே பின்னர் ஊருக்கும் ஆயிற்று. அவன் பிறந்தபோது தேனீக்கள் கூட்டமாக வந்து தொட்டிலைச் சூழ்ந்தன என்றும், அதைக் கண்ட தாய், ‘இவன் அரசனாவான் என்பதைத் தேனீக்களும் அறிந்துகொண்டன’ என்று மகிழ்ந்து அதற்கேற்பப் பெயரிட்டாள் என்றும் அந்நாட்டு மக்கள் கதை கூறுவர்.

எத்தியோப்பியாவில் கிறிஸ்துவ சமயம் மிகப் பழையது. 4ஆம் நூற்றாண்டிலேயே அக்சும் நாட்டு மன்னன் எசானா அச்சமயத்தைத் தழுவினான். அந்நாட்டு மக்கள் காடு, மலை, பாலைவனம் ஆகியவற்றைக் கடந்து எருசலேமுக்குப் புனிதப் பயணம் போவது வழக்கம். 1187ஆம் ஆண்டு சுல்தான் சலாதீன் எருசலேமைக் கைப்பற்றினார். ‘தொலைவிலுள்ள எருசலேமுக்குப் போக இயலாத என் மக்களுக்கு இங்கேயே ஓர் எருசலேம் அமைப்பேன்’ என்று லாலிபெலா மன்னன் உறுதி பூண்டதாக மரபு கூறுகிறது. இவ்வூரின் நடுவே ஓடும் ஓடைக்கும் யோர்தானோஸ், அதாவது யோர்தான் ஆறு, என்றே பெயர் வைத்தார்கள்.

பதினொன்றும் இம்மன்னன் காலத்திலேயே தோன்றின என்பது மக்கள் நம்பிக்கை. ஆய்வாளர் சிலரோ, இவற்றுள் சில அதற்கும் முற்பட்டவை என்றும், முதலில் அரண்மனையாகவோ கோட்டையாகவோ இருந்து பின்னர்த் தேவாலயங்கள் ஆகியிருக்கலாம் என்றும் கருதுகின்றனர்.

காலை: ஓடைக்கு வடக்கே

பொழுது புலர்கிறது. வெண்ணிறப் பருத்தித் துணியால் தலையையும் தோளையும் போர்த்திய ஆடவரும் பெண்டிரும் வழிபாட்டிற்காக நடந்து செல்கின்றனர். நாமும் அவர்களைப் பின்தொடர்வோம். எங்கே கோபுரம்? எங்கே கூரை? ஒன்றும் தென்படவில்லையே! சற்று நில்லுங்கள். காலடியில் பாருங்கள். நிலம் திடீரெனப் பிளந்து ஆழ்ந்த பள்ளமாக இறங்குகிறது. அப்பள்ளத்தின் நடுவே, மலையோடு மலையாக, செந்நிறக் கல்லில் ஒரு மாளிகை நிற்கிறது. அதன் கூரை நாம் நிற்கும் தரைக்குச் சமமாக உள்ளது!

இதுதான் பெத்தே மெதானே ஆலெம். ‘பெத்தே’ என்றால் வீடு. ‘மெதானே ஆலெம்’ என்றால் உலக மீட்பர். ஏறத்தாழ 33 மீட்டர் நீளமும், 23 மீட்டர் அகலமும், 11 மீட்டர் உயரமும் கொண்டது. ஒரே பாறையில் குடைந்த தேவாலயங்களுள் உலகிலேயே பெரியது இதுவே என்பர். நான்கு புறமும் சதுரத் தூண்கள் வரிசையாக நிற்கின்றன.

நம் கோயில்களில் செய்வதைப் போலவே இங்கும் வாயிலில் காலணியைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே செல்ல வேண்டும். உள்ளே மங்கிய ஒளி. தூண் வரிசைகள் உட்புறத்தை ஐந்து பகுதிகளாகப் பிரிக்கின்றன. ஒரு மூலையில் மூன்று வெறுங்கல்லறைகள் வெட்டப்பட்டுள்ளன. அவை ஆபிரகாம், ஈசாக்கு, யாக்கோபு ஆகிய முன்னோர் மூவரின் நினைவாக அமைந்தவை என்பர். குருமார்கள் நீண்ட கோலை ஊன்றி நின்று, கீஸ் என்னும் பழைய மொழியில் பாடுகின்றனர். கீஸ் இன்று எவர்க்கும் வீட்டுமொழி அன்று. ஆயினும் வழிபாட்டில் அது வாழ்கிறது. மத்தளம் ஒலிக்கிறது, கையில் பிடித்து அசைக்கும் சிறு தாளக் கருவி ‘சல் சல்’ என்று இசைக்கிறது.

அங்கிருந்து பாறையில் வெட்டிய வழியாக நடந்தால் பெத்தே மரியம், அதாவது மரியன்னையின் இல்லம். அளவில் சிறியதாயினும், இதன் உட்புறத்தில் வண்ண ஓவியங்களும் செதுக்கு வேலைகளும் நிறைந்துள்ளன. நடுவே ஒரு தூண் துணியால் முழுவதும் மூடப்பட்டிருக்கிறது. அதைத் திறந்து பார்ப்போர் எவருமிலர்.

அருகில் பெத்தே கொல்கொதா உள்ளது. இதன் சுவர்களில் ஆளுயரப் புனிதர்களின் உருவங்கள் புடைப்பாகச் செதுக்கப்பட்டுள்ளன. லாலிபெலா மன்னனின் கல்லறை இங்கேதான் இருப்பதாக மக்கள் நம்புகின்றனர். பெண்கள் இதனுள் செல்லும் வழக்கம் இல்லை. எனவே நம் மாணவியர் வெளியில் சற்றுக் காத்திருக்க நேரும்.

எப்படிச் செய்தார்கள்?

வெயில் ஏறுகிறது. பள்ளத்தின் நிழலில் சற்று அமர்ந்து, இவ்வேலை எவ்வாறு நடந்திருக்கும் என்று எண்ணிப் பார்ப்போம்.

இங்குள்ள பாறை எரிமலைக் குழம்பு ஆறி இறுகியது. கருங்கல்லைப் போல் அத்துணைக் கடினமன்று, உளிக்கு இடங்கொடுக்கும். வேலை செய்தோர் முதலில் பாறையின் மேற்பரப்பில் கோயிலுக்குரிய இடத்தைக் குறித்துக்கொண்டனர். அதைச் சுற்றி நான்கு புறமும் ஆழமான அகழி வெட்டினர். நடுவில் ஒரு பெரும் கற்கட்டி தனித்து நின்றது. அக்கட்டியை மேலிருந்து கீழாகச் செதுக்கினர். முதலில் கூரை, பிறகு மேல் சாளரம், பிறகு சுவர், பிறகு வாயில். அப்பால் உள்ளே நுழைந்து, கல்லைக் குடைந்து வெளியே கொண்டுவந்து கொட்டினர்.

இம்முறையில் ஒரு வசதி உண்டு. தாம் நிற்கும் நிலத்தையே வெட்டி வெட்டிக் கீழே இறங்குவதால், வெளிச்சுவருக்குச் சாரம் கட்ட வேண்டியதில்லை. ஆனால், பெரிய இடர் ஒன்றும் உண்டு. செங்கல் சுவரில் பிழை நேர்ந்தால் இடித்துவிட்டு மீண்டும் கட்டலாம். இங்கோ, கூடுதலாக வெட்டிய கல்லைத் திரும்ப ஒட்டவைக்க இயலாது. உள்ளே ஒரு தூண் வேண்டுமென்றால், அத்தூண் நிற்க வேண்டிய இடத்துக் கல்லைத் தொடாமல் விட்டுவிட்டுச் சுற்றிலும் குடைய வேண்டும். வளைவு எங்கே, சாளரம் எங்கே, தரை எவ்வளவு ஆழம் என்பவை எல்லாம் முதல் உளி விழுமுன்னரே மனத்தில் முடிவாகியிருக்க வேண்டும். ‘எண்ணித் துணிதல்’ என்பதற்கு இதனினும் சிறந்த சான்று ஏது?

இம்முறையைத் தமிழகத்திலும் காணலாம். கழுகுமலையில் 8ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த வெட்டுவான் கோயில் மேலிருந்து கீழாகச் செதுக்கப்பட்டுப் பாதியில் நின்றுவிட்டது. அதனால்தான் அதன் மேற்பகுதி முழுமையாகவும் கீழ்ப்பகுதி முற்றுப்பெறாமலும் உள்ளது. ஒரு நாட்டார் மற்றொரு நாட்டாரைப் பார்த்துச் செய்தனர் என்று கொள்ள வேண்டியதில்லை. கல்லின் இயல்பே இருவர்க்கும் ஒரே வழியைக் காட்டியது எனலாம்.

இன்னொன்றையும் கவனிப்போம். பள்ளத்திற்குள் இருக்கும் கோயிலில் மழை பெய்தால் என்னவாகும்? குளமாகிவிடும் அன்றோ? இம்மலையில் ஜூன் முதல் செப்டம்பர் வரை மழைக்காலம். ஆகவேதான், அகழியின் தரையைச் சமமாக விடாமல் சற்றுச் சாய்வாக வெட்டி, வாய்க்கால்கள் வழியே நீரை ஓடைக்குச் செலுத்தினர். நம் பெற்றோருள் தோட்டத்தில் வடிகால் வெட்டியவர்க்கு இதன் அருமை நன்கு விளங்கும். நீர் போகும் வழியை அறியாதவன் வெட்டிய வடிகாலில் நீர் தேங்கும். அறிந்தவன் வெட்டியதில் ஓடும். சிற்பத்தைக் கண்டு வியப்போர் பலர். ஆனால் வாய்க்கால் இல்லாவிடில் அச்சிற்பங்கள் இத்தனை நூற்றாண்டுகள் நிலைத்திரா.

நண்பகல்: ஓர் உணவும் ஒரு கிண்ணம் காப்பியும்

பசிக்கிறதா? இவ்வூரின் பழைய வீடுகள் வட்ட வடிவிலான கல்வீடுகள். சில இரண்டடுக்கு உடையவை. அங்கு நமக்கு இஞ்செரா என்னும் உணவு கிடைக்கும். தெஃப் என்னும் மிகச் சிறிய தானியத்தை மாவாக்கி, கரைத்துப் புளிக்கவைத்து, அகன்ற கல்லில் ஊற்றிச் சுடுவர். பார்ப்பதற்கு நம் தோசையைப் போலவும் மென்மையில் ஆப்பத்தைப் போலவும் இருக்கும். அதன்மேல் பருப்புக் குழம்பை ஊற்றி, ஒரே தட்டைச் சுற்றி அமர்ந்து, வலக்கையால் பிய்த்து உண்பர். புதன், வெள்ளிக் கிழமைகளில் அங்குள்ள ஆர்த்தடாக்ஸ் திருச்சபையினர் புலால், பால் இரண்டையும் நீக்கி நோன்பு இருப்பர்.

உண்டபின் காப்பி. காப்பிச் செடியின் தாயகமே எத்தியோப்பியாதான். விருந்தினர் முன்னிலையில் பச்சைக் கொட்டையை வறுத்து, இடித்து, கழுத்து நீண்ட மண்கூசாவில் கொதிக்கவைத்து, பிடியில்லாத சிறு கிண்ணங்களில் ஊற்றித் தருவர். ஒரு முறை அன்று, மூன்று முறை தருவர். இடையில் எழுந்து போவது மரியாதை ஆகாது. எனவே நாமும் பொறுமையாக அமர்ந்திருப்போம்.

பிற்பகல்: ஓடைக்குத் தெற்கே

ஓடையைக் கடந்து மற்றொரு தொகுதிக்குச் செல்கிறோம். இங்கு ஒரு கோயிலுக்கும் மற்றொன்றுக்கும் இடையே சுரங்க வழிகள் உள்ளன. ஒரு சுரங்கத்தில் ஒளி சிறிதும் இல்லை. கையைச் சுவரில் வைத்துத் தடவிக்கொண்டே நடக்க வேண்டும். இருளாகிய நரகத்தைக் கடந்து ஒளியை அடைவதை இவ்வழி நினைவூட்டுகிறது என்பர் அங்குள்ளோர். அஞ்ச வேண்டா, முன்னால் செல்பவர் தோளைப் பற்றிக்கொள்ளுங்கள்.

வெளியே வந்ததும் பெத்தே அமானுவேல் நம் கண்ணைக் கவர்கிறது. அதன் சுவரில் பட்டை பட்டையாக மேடும் பள்ளமும் தெரிகின்றன. பழங்கால அக்சும் நகரத்தார் கல்லை ஒரு வரிசையும் மரத்தை ஒரு வரிசையுமாக மாற்றி மாற்றி அடுக்கிச் சுவர் எழுப்புவர். அந்த அழகை மறவாத சிற்பிகள், மரமே இல்லாத இந்த ஒற்றைக் கல்லிலும் மர வரிசையைப் போலவே செதுக்கிவைத்தனர். முன்னோரின் முறையை அவர்கள் எவ்வளவு போற்றினர் என்பதற்கு இச்சுவரே சாட்சி.

பெத்தே அபா லிபானோஸ் சற்று வேறுபட்டது. அதன் பக்கங்கள் மலையிலிருந்து பிரிக்கப்பட்டுள்ளன. கூரை மட்டும் மேலுள்ள பாறையோடு இன்னும் ஒட்டியிருக்கிறது. அரசி மஸ்கல் கெப்ரா தன் கணவனின் நினைவாக, வானதூதர் துணையோடு ஒரே இரவில் இதைச் செய்வித்தாள் என்பது கதை. பெத்தே மெர்க்கோரியோஸின் ஒரு பகுதி இடிந்துவிட்டது. அங்குக் கால்விலங்குகள் கிடைத்தமையால், அது முற்காலத்தில் சிறைக்கூடமாக இருந்திருக்கலாம் என்று கருதுவோரும் உளர்.

மாலை: சிலுவை வடிவக் கோயில்

கதிரவன் மேற்கே சாய்கிறான். மற்றவற்றிலிருந்து விலகித் தனியே நிற்கும் கடைசிக் கோயிலுக்கு வந்துவிட்டோம். இதுவே பெத்தே கியோர்கிஸ். புனித ஜார்ஜின் இல்லம். சரிவான பாறை மேட்டில் நின்று கீழே நோக்கினால், ஏறத்தாழ 12 மீட்டர் ஆழமுள்ள பள்ளத்தின் நடுவே ஒரு மாபெரும் சிலுவை எழுந்து நிற்கிறது. நான்கு கைகளும் ஒரே அளவு. கூரையின் மேல் ஒன்றினுள் ஒன்றாக மூன்று சிலுவைகள். மாலை வெயிலில் செந்நிறக் கல் மேலும் சிவக்கிறது.

எல்லாக் கோயில்களும் முடிந்தபின், புனித ஜார்ஜ் வெண்குதிரை மேல் வந்து, ‘எனக்கென்று ஒன்றும் இல்லையே!’ என்று மன்னனிடம் குறைபட்டாராம். மன்னன் நாணி, ‘எல்லாவற்றிலும் அழகானதை உமக்கே ஆக்குவேன்’ என்று வாக்களித்தானாம். அக்குதிரையின் குளம்படி என்று பாறையில் சில தடங்களை இன்றும் காட்டுகின்றனர்.

1520களில் எத்தியோப்பியா வந்த பிரான்சிஸ்கோ அல்வாரெஸ் என்னும் போர்த்துக்கீசியப் பாதிரியார் இக்கோயில்களைப் பார்த்துத் தம் நூலில் எழுதினார். அந்நூல் 1540இல் அச்சேறியது. இன்னும் விரித்து எழுதினால் தம் நாட்டார் நம்பமாட்டார் என்று அஞ்சி அவர் எழுத்தை நிறுத்திக்கொண்டார். எழுதியவை உண்மையே என்று ஆணையிட்டும் கூறினார்.

கல்லுக்கும் நோய் வரும்

1978ஆம் ஆண்டு ஐக்கிய நாடுகளின் கல்வி, அறிவியல், பண்பாட்டு நிறுவனமாகிய யுனெஸ்கோ, உலகப் பாரம்பரியச் சின்னங்களின் முதற்பட்டியலை வெளியிட்டது. அதில் இடம்பெற்ற 12 இடங்களுள் லாலிபெலாவும் ஒன்று. ஆயினும் பட்டியலில் ஏறியதனால் மட்டும் கல் நலம்பெற்றுவிடாது. உளிக்கு எளிதாக இடங்கொடுத்த அதே மென்மையினால், இக்கல் மழைக்கும் இடங்கொடுக்கிறது. நீர் ஊறி, காய்ந்து, விரிசல் விட்டு, செதுக்கிய உருவங்கள் தேய்கின்றன.

மழையைத் தடுக்க எண்ணி, 2008ஆம் ஆண்டளவில் சில கோயில்களின் மேல் உயர்ந்த இரும்புக் கால்களை நட்டுப் பெரிய விதானங்கள் அமைத்தனர். இவை தற்காலிக ஏற்பாடே. ஆனால் ஆண்டுகள் சென்றும் அவை அகற்றப்படாதது கண்டு, அவற்றின் பாரத்தாலும் காற்றின் வேகத்தாலும் கோயில்களுக்கே கேடு விளையுமோ என்று ஊரார் கவலை கொண்டனர். 2018இல் அவர்கள் திரண்டு தம் குறையை வெளிப்படுத்தினர். 2019 மார்ச்சில் பிரெஞ்சு அதிபர் எமானுவேல் மாக்ரோன் நேரில் வந்து பார்த்து உதவுவதாகக் கூறினார். 2021இல் உள்நாட்டுப் போர் இவ்வூரையும் எட்டியது. படைகள் மாறி மாறி ஊரைக் கைப்பற்றின. பயணிகளை நம்பி வாழ்ந்த வழிகாட்டிகளும் கடைக்காரர்களும் பிழைப்பின்றி வாடினர்.

செய்வதற்கு ஒரு தலைமுறை உழைத்தால், காப்பதற்கு எல்லாத் தலைமுறையும் உழைக்க வேண்டும் என்பதை இதனால் நாம் அறிகிறோம்.

உளி பிடித்தவர் யார்?

நடை முடிந்தது. இனி ஒரு வினாவை எண்ணிப் பார்ப்போம். இக்கோயில்களைச் செய்தவர் யார்? ‘லாலிபெலா மன்னன்’ என்று உடனே விடை கூறுவோம். ஆனால் மன்னன் ஒருவனால் மலையைக் குடைய இயலுமா?

பகலில் மனிதர் வேலை செய்தனர். அவர்கள் உறங்கிய இரவில் வானதூதர் வந்து அதைப்போல் இருமடங்கு செய்தனர் என்று அவ்வூர்க் கதை கூறுகிறது. பக்தி நிறைந்த அழகிய கதைதான். வேறு சிலரோ, இத்தகைய வேலையை அந்நாட்டார் செய்திருக்க முடியாது, வெளிநாட்டாரே வந்து செய்திருப்பர் என்று எழுதினர். அது பிழை. லாலிபெலாவில் மட்டுமன்று, வட எத்தியோப்பிய மலைகளில் பாறையைக் குடைந்த தேவாலயங்கள் இன்னும் மிகப் பல உள்ளன. தலைமுறை தலைமுறையாக அம்மண்ணின் மக்களிடையே வளர்ந்த தொழில் அது. கல்லைக் கண்டவன், உளியைத் தீட்டியவன், சாய்வைக் கணித்தவன், கூடையில் கற்பொடி சுமந்தவன் என்று எத்தனையோ பேர் அவர்களுள் இருந்திருப்பர். மன்னன் பெயர் ஊராக நிலைத்தது. உழைத்தவர் பெயர்கள் நமக்கு எட்டவில்லை. கையின் தழும்பாக உளியின் கோடு மட்டும் சுவரில் எஞ்சியது.

மாணவர்களே, நாம் நாள்தோறும் பள்ளிக்கு வரும் சாலையை அமைத்தவர் யார்? அதன் ஓரத்து வடிகாலை வெட்டியவர் யார்? காட்டை அழித்து முதல் மரக்கன்றை நட்டவர் யார்? அவர்கள் பெயர்களைச் சொல்லக்கூடிய பெரியவர் இன்னும் நம் வீடுகளில் இருக்கின்றனர். எட்டு நூற்றாண்டு கழிந்தபின் லாலிபெலாவின் தொழிலாளரைப் பற்றிக் கேட்க ஆளில்லை. நமக்கோ இன்றே கேட்க வாய்ப்பு இருக்கிறது. அவ்வாய்ப்பை நழுவவிடலாகாது.

பயிற்சி

1. லாலிபெலாவின் தேவாலயங்கள் மேலிருந்து கீழாகச் செய்யப்பட்டமையால் விளைந்த வசதி யாது? இடர் யாது?
2. பள்ளத்தில் உள்ள கோயிலை மழைநீரிலிருந்து காக்க என்ன செய்தனர்?
3. பெத்தே அமானுவேலின் சுவரில் பட்டைகள் காணப்படுவது ஏன்?
4. கல்லின் மென்மை நன்மையாகவும் தீமையாகவும் ஆனது எவ்வாறு?
5. உங்கள் பாட்டனார், பாட்டியார் அல்லது ஊர்ப் பெரியவர் ஒருவரிடம், நம் பகுதியில் சாலையோ, வடிகாலோ, கோயிலோ, பள்ளியோ அமைக்க உழைத்தவர்களின் பெயர்களைக் கேளுங்கள். கேட்டவற்றை ஒரு தாளில் எழுதி வகுப்பிற்குக் கொண்டு வாருங்கள்.